மர்சலின் காய்ச்சிய கொள்ளுக் கஞ்சி

கீசரைத் திறந்து பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார் லியோனார்ட். தண்ணீர் சுடவில்லை என்பார்கள், குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பார்கள், போன வாரம் வந்த ஆள் காயிலை மாற்றச் சொன்னான் என்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொள்வார். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, அடியிலிருக்கும் வட்டத் தகட்டின் நட்டுகளைக் கழற்றி, காயிலை வெளியே இழுத்த பிறகுதான் வாய் திறப்பார். வீட்டுக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. அவர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதே என்பார்.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் அந்தக் காயில் வெளியே வரும்போது உலோகம் என்றே தெரியாது. ஏதோ பவளப்பாறையை உடைத்து எடுத்ததுபோல் வெள்ளையாக, சொரசொரவென்று இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறது. சூடு பட்டதும் அதனால் கரைந்திருக்க முடிவதில்லை. பிரிந்து வந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய சுண்ணாம்பு போர்வை மாதிரி. காயிலின் சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. காயில் தன் சூட்டிலேயே தான் வெந்து ஒருநாள் அறுந்துபோகும்.

மற்ற மெக்கானிக்குகள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். பொங்கி நுரைத்து, அரை மணியில் காயில் பளபளக்கும். லியோனார்ட் ஊற்றமாட்டார். ஆசிட்டுக்குச் சுண்ணாம்பு எது, டேங்கின் உட்பூச்சு எது என்று தெரியாது, இரண்டையும் தின்னும். அவர் சுண்ணாம்பைக் கையால் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் குழாயில் சுண்ணாம்பு உப்பைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்றை வைக்கச் சொல்வார். "வர்ற தண்ணிய மாத்துங்க. அப்பறம் படியறதுக்கு இன்னா கீது?" என்பது அவர் எல்லா வீட்டிலும் சொல்லும் ஒரே வசனம்.

அவருக்குக் கீழே டார்ச் பிடிப்பதும், கழற்றிய நட்டுகளை வரிசை கலையாமல் துணியில் பரப்பி வைப்பதும் நாகராஜின் வேலை. முதலில் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடியிருந்தவன், இப்போது பெரும்பாக்கம் குடியிருப்பில் மூன்றாவது மாடி. காலையில் இரண்டு பஸ் மாறி சாந்தோமில் லியோனார்ட் வீட்டுக்கு வருவான். அவனுக்கு யாரும் தொழிலை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. லியோனார்ட் என்ன செய்கிறாரோ அதைப் பார்ப்பான், மறுநாள் அதையே செய்வான். அவர் நட்டை வாயில் கவ்வினால் இவனும் கவ்வுவான். போன வருஷம் நாகராஜுக்கு நெஞ்சு வலி வந்து, அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். சட்டைப் பையில் மாத்திரைகளோடு ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

மார்கழியில் கீசர்காரர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அது முடிந்து தை பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, சர்ச்சின் பங்கு மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. மனைவி மர்சலின்தான் லியோனார்டைக் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். அவள் பக்கத்திலேயே ஒரு கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வரிசையில் நிற்கவைப்பது அவளுக்குப் பழக்கம்.

மறுவாரம் ரிப்போர்ட் வந்தது. கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இளம் பெண் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்று கேட்டாள். லியோனார்ட் இல்லை என்றார். மர்சலின் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய அண்ணன் கிளிஃபர்ட், பெசன்ட் நகர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவர், நாற்பத்தாறு வயதில் அப்படியே சரிந்து போனார். அதை அவள் சொன்னதும், "அவன் குடிச்சே போய்ச் சேந்தவன்" என்றார் லியோனார்ட். கிளிஃபர்ட் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் வைன் குடிப்பவர், ஒல்லிக்குச்சியாக இருப்பவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

லியோனார்ட் மாத்திரைப் பெட்டியில் மடித்து வைத்திருந்த மெல்லிய தாளைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முழுவதும் படித்தார். தசை வலி வரலாம் என்று அதில் இருந்தது. சில நாட்களில் அவருக்குத் தொடை வலித்தது. மாடிப்படி ஏறும்போது முழங்காலுக்கு மேலே யாரோ திருகுவதுபோல் இருக்கிறது என்றார். அப்போதிருந்து அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் யோசனை இப்படிப் போனது. இலவசமாக டெஸ்ட் எடுக்கிறவன் எதற்காக எடுக்கிறான்? சும்மா திறந்து பார்க்கிறேன் என்று தானும் வீடு வீடாகப் போனால் மாசத்துக்கு நாற்பது காயில் விற்கலாமே. நார்மல் என்று ரிப்போர்ட்டில் ஓர் எண் போட்டிருக்கிறதே, அந்த எண்ணை யார் முடிவு செய்தது? மாத்திரை செய்கிறவனா? டாக்டர் எழுதிய அதே மாத்திரை முனையிலிருக்கும் குலாம் ரசூலின் மருந்துக் கடையில் தயாராக இருந்தது எப்படி? பெருங்குடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ரெனிட்டா, அப்பா இது பரம்பரையாக வருவது என்று போனில் சொன்னாள். அவளுக்கு அவள் கம்பெனி ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது, அவள் வேறு எப்படிப் பேசுவாள் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேல் அவருக்குத் தன் தொழில் இருந்தது. குழாயில் படிகிறது என்றால் வருகிற தண்ணீரை மாற்ற வேண்டும். மாத்திரை என்பது ஆசிட்.

இந்த இடத்தில்தான் அவர் கணக்கு பிசகியது. கீசருக்குச் சுண்ணாம்பு வெளியே இருந்து வருகிறது. கீசர் தானாகச் சுண்ணாம்பு செய்வதில்லை. மனித உடம்பு செய்கிறது. கொழுப்பில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதல்ல, ஈரலே காய்ச்சி ரத்தத்தில் விடுவது. உயிரணுக்களுக்குச் சுவர் எழுப்ப அது வேண்டும் என்பதால் ஈரல் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. அதிகமானால் அதே ஈரல்தான் ரத்தத்திலிருந்து திரும்ப வாரி எடுக்கவும் வேண்டும். சில குடும்பங்களில் வாரி எடுக்கிற கைகள் பிறவியிலேயே குறைச்சல். அவர்கள் பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்தாலும் ரத்தத்தில் கொழுப்பு நிற்கும். அந்த மாத்திரை ஈரல் செய்வதை ஓரிடத்தில் மட்டுப்படுத்துகிறது. தனக்கே போதவில்லை என்று தெரிந்ததும் ஈரல் கூடுதல் கைகளை நீட்டி ரத்தத்திலிருப்பதை வாரிக்கொள்கிறது. சாப்பாட்டை மாற்றினால் குறையத்தான் செய்யும், ஆனால் ஓர் அளவுக்கு. இதையெல்லாம் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே காட்டியிருந்தாள். திறந்து காட்டவில்லை என்பதுதான் லியோனார்டின் குறை.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர், தவக்காலத்துக்கு என்னென்ன விடப்போகிறார் என்று அறிவித்தார். கறி, முட்டை, பரோட்டா, எண்ணெயில் பொரித்தது, பால் டீ. கூடவே மாத்திரை.

"மாத்திரையை எப்படிங்க ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பீங்க? அது என்ன தின்பண்டமா?" என்றாள் மர்சலின்.

"எனக்கு அது இல்லாம முடியாதுன்னு நீங்க எல்லாரும்தான சொல்றீங்க? இல்லாம முடியாதத விட்றதுதான் ஒறுத்தல். ஃபாதரே பிரசங்கத்துல சொன்னாரு."

ஃபாதர் சொன்னது செல்போனைப் பற்றி. ஆனால் நேர்ச்சை என்று வாயிலிருந்து வந்துவிட்ட பிறகு அந்த வீட்டில் அதை எதிர்த்துப் பேச முடியாது. மர்சலின் சாம்பாரில் எண்ணெயைக் குறைத்தாள். நொச்சிக்குப்பத்துக் கடைகளில் நெத்திலி மீனும் காரப்பொடி மீனும் வாங்கிக் குழம்பு மட்டும் வைத்தாள். மாலையில் கொள்ளுக் கஞ்சி. கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ரவைபோல் உடைத்து, ஒரு பிடி நொய்யும் பூண்டும் சீரகமும் போட்டுக் குழைய வேகவைத்து, ஆறிய பிறகு நீர்மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தூவித் தருவாள். சிலுவைப் பாதை முடிந்து வரும் லியோனார்ட் ஒரு பெரிய டம்ளர் நிறையக் குடிப்பார்.

தவக்காலத்தின் நடுவில் அவரே காசு கொடுத்து, முகாமுக்கு வந்தவர்களுக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு லேபில் டெஸ்ட் எடுத்தார். நூற்று எழுபத்து மூன்று. அவருக்கு ஒரே சந்தோஷம். கொள்ளு வேலை செய்கிறது, கொஞ்சம் டைம் எடுக்கும் என்றார். மர்சலின் அந்தத் தாளோடு தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள். உணவால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்கியிருக்கிறது, இதற்கு மேல் மாத்திரை இல்லாமல் இறங்காது, அண்ணன் கதையை வைத்துப் பார்த்தால் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றாள் டாக்டர். மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்கலாமா என்று மர்சலின் கேட்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பொடிக்கலாம், ஆனால் அவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது, அது தப்பு என்றாள். மர்சலின் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியில் குலாம் ரசூலின் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினாள்.

இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மாத்திரை சத்தமில்லாமல் மாவாகிவிடும். மேல்பூச்சுதான் தோல் மாதிரி நிற்கும், அதை விரலால் தேய்க்க வேண்டும். ஆறின கஞ்சியில் போட்டு, மோர் விட்டு, ஒரு கலக்கு. லேசாகக் கசக்கும் என்பதால் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தாள். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது கோபப்பட்டதையும் பொறாமைப்பட்டதையும் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. இதைப் பாவம் என்று அவள் நினைக்கவில்லையா, அல்லது இனிமேல் செய்யாதே என்று ஃபாதர் சொல்லிவிடுவார் என்று பயந்தாளா என்பது அவளுக்கே தெளிவில்லை.

லியோனார்ட் ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடிக்காமல் இல்லை. அவர் டம்ளரை மட்டும் அவள் தனியாகக் கொண்டுவருகிறாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள். காலி டம்ளரைத் தொட்டியில் போடாமல் உடனே கழுவிக் கவிழ்க்கிறாள். ஒருநாள் பாதியில் நிறுத்தி டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல இன்னா கலக்குற?"

"என்ன கலக்குவாங்க? கொள்ளு, நொய்யி, வெந்தயம்."

"எலும்புச் சாறு ஊத்துறியா? கறிய உட்டுட்டேன்னு என் நேர்ச்சைய ஒடைக்கப் பாக்குறியா?"

"மாதா மேல சத்தியமா எலும்புச் சாறு ஊத்தலைங்க" என்றாள். சொன்னது உண்மை. அவர் மீதியைக் குடித்தார். அவள் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

உயிர்ப்பு ஞாயிறு வந்துபோனது. வீட்டுக்கு வீடு பிரியாணி வந்தும் லியோனார்ட் தொடவில்லை. சித்திரை கடைசியில் அதே லேபில் மறுபடி டெஸ்ட் எடுத்தார். தொண்ணூற்றெட்டு. ரிப்போர்ட்டைச் செல்போனில் வைத்துக்கொண்டு அவர் காட்டாத ஆள் இல்லை. கால்வலியும் இல்லை, மந்தைவெளியில் நாலு மாடி டூல்ஸ் பையோடு ஏறினேன் என்றார். அது நிஜம். அவருக்கு அந்த வாரங்களில் கால் வலிக்கவே இல்லை. இந்த மாத்திரையால் சிலருக்கு நிஜமாகவே தசை வலிக்கும். ஆனால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தபோதும் கால் வலிக்கிறது என்று சொன்னவர்கள் உலகத்தில் நிறையப் பேர். எதிர்பார்த்துக் காத்திருக்கும் வலி, வழி கண்டுபிடித்து வந்துவிடும். லியோனார்ட் எதிர்பார்க்கவில்லை, வரவில்லை.

குலாம் ரசூலின் கடைக்கும் போய், கண்ணாடி அலமாரிக்கு மேலாகப் போனை நீட்டினார். மாசாமாசம் மர்சலினுக்கு மாத்திரை அட்டை எடுத்துக் கொடுக்கும் குலாம் ரசூல் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, விடாமல் சாப்பிடுங்கள் அண்ணே, நிறுத்திவிடாதீர்கள் என்றார். பாய்கூடக் கஞ்சியை ஒத்துக்கொண்டுவிட்டான் என்று லியோனார்ட் வீட்டில் வந்து சொன்னார்.

கத்திரி வெயிலில் கீசரைச் சீண்டுவார் இல்லை. ஃபில்டர்களைக் கழுவி மாற்றுவதும் மொட்டைமாடி டேங்க் கழுவுவதும்தான் வேலை. கடல்காற்று மூன்று மணிக்கு மேல்தான் உள்ளே வரும். அப்படி ஒரு ஞாயிறு பிற்பகல், நாகராஜ் வீட்டுக்கு வந்தான். லியோனார்ட் ஓர் அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் வரை போயிருந்தார். மர்சலின் பரீட்சைத் தாள் கட்டுகளைப் பழைய பேப்பர்க்காரனுக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். நாகராஜ் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு இந்த வெயில்ல?" என்றாள்.

"ஒண்ணியும் இல்ல டீச்சர். அந்தக் கொள்ளுக் கஞ்சி எப்டி காச்சுறதுன்னு கேட்டுக்கினு போலாம்னு. நம்ம ஊட்ல காச்சுனா கொழகொழன்னு கலீஜா வர்து. அண்ணாத்த குடிக்கிற மாரி இல்ல."

மர்சலின் சொல்ல ஆரம்பித்தாள். வறுக்க வேண்டும், உடைக்க வேண்டும். பாதியில் அவளுக்கு ஏதோ தட்டியது.

"உனக்கு எதுக்குக் கஞ்சி? உனக்குத்தான் மாத்திரை இருக்கே."

"அத்தெல்லாம் கடாசிட்டேன் டீச்சர்." அவன் சிரித்தான். "அண்ணாத்தக்கி எறங்கிச்சில்ல? மாத்திரயே இல்லாம. அந்த போன்ல காட்டுச்சே."

"எந்த மாத்திரையை?"

"எல்லாத்தியும். ஒண்ணு கொழுப்புக்கு, ரெண்டு ரத்தம் உறையாம கீறதுக்கு. அப்பால இன்னொண்ணு, அது எதுக்குன்னே தெர்ல. போட்டா வாயெல்லாம் கசப்பு."

"எப்ப நிறுத்தின?"

"அண்ணாத்த ரிப்போட்டு காட்டுன மறுநாளே."

ஸ்டென்ட் என்பது பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கம்பி வலை. அடைத்த இடத்தில் விரித்து வைத்தால் ரத்தக்குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமல் தாங்கும். ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். எங்கே அந்நியமாக எதையாவது கண்டாலும் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும், காயத்தில் உறைவதுபோல. அந்த உறைவைத் தடுக்கத்தான் நாகராஜ் கடாசிய மாத்திரைகள். மர்சலினுக்கு இவ்வளவு விவரம் தெரியாது. ஆனால் அவன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது இன்னொரு கையால் நெஞ்சின் நடுவில் தேய்த்துக்கொண்டது தெரிந்தது.

"நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மாடி ஏறுனா பிடிக்குது. கேஸு டீச்சர், கொள்ளு கேஸு பண்ணும்ல."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இப்போது இவனிடம் மட்டும் சொல்லி, நம்பவைத்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அனுப்பிவிட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். நாகராஜ் லியோனார்டிடம் எதையும் மறைத்ததில்லை. அதோடு அவள் சொல்லி அவன் மாத்திரையைப் போடமாட்டான். அவன் பார்த்துச் செய்கிறவன், பார்ப்பது லியோனார்டை. கேட் கிறீச்சிட்டது. லியோனார்ட் செருப்பைக் கழற்றிக்கொண்டே, இன்னாடா இங்க, என்றார்.

மர்சலின் நின்றபடியே சொன்னாள். "நாகராஜ் மாத்திரையெல்லாம் நிறுத்திட்டானாம். உங்களைப் பாத்து."

லியோனார்ட் நாகராஜ் பக்கம் திரும்பினார். "நான் உன்ன நிறுத்தச் சொன்னனா?"

"நீ சொல்ல வேணா அண்ணாத்த. நான்தான் உன்ன பாத்துக்கினே கீறனே."

"நீங்களும் நிறுத்தலைங்க" என்றாள் மர்சலின். குரல் வகுப்பில் பாடம் நடத்தும்போது வருவதுபோல் மட்டாக வந்தது. "பாதித் தவக்காலத்துலேர்ந்து கஞ்சியில பொடிச்சிப் போட்டுக் குடுத்துட்டிருக்கேன். தெனமும். அந்தத் தொண்ணூத்தெட்டு கொள்ளால வரலை."

லியோனார்ட் முதலில் நாகராஜைப் பார்த்தார், பிறகு மனைவியை. பிறகு அவர் சொன்னது அவள் எதிர்பார்க்காதது.

"பொய் சொல்றா. நம்பாத நாகராஜு."

"எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"இவன பயமுறுத்த. மாத்திர போட்டா எனக்குக் கால் வலிக்கும். எனக்கு ஒரு நாள்கூட வலிக்கல. அப்ப கஞ்சில மாத்திர இல்ல." அவர் குரலில் வெற்றிகூட இருந்தது. "எவன் சொல்லிக் குடுத்தான் இத? அந்த பாய்தான? இல்ல ஒம் பொண்ணா?"

மர்சலின் உள்ளே போய்த் தன் ஸ்கூல் பையைக் கொண்டுவந்தாள். சாக்பீஸ் டப்பாவுக்கு அடியிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். லியோனார்ட் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரைப் படித்தார். நான் விட்ட பழைய மாத்திரை இது, என்றார். பிறகு ஓரத்தில் அழுத்தி அடித்திருந்த எழுத்துகளை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். எந்தப் பொருளையும் வாங்கும்போது அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மாத்திரை தயாரான மாதம் மார்ச். அவர் நிறுத்தியது பிப்ரவரி.

அட்டையைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். நாகராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த? மெய்யாலுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். மனைவி மேல் கத்த வேண்டுமென்றால் முதலில் அவள் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அது உண்மை என்றால், இத்தனை வாரமாகப் போனை நீட்டி நீட்டிக் காட்டியது பொய். பொய்யை முழுசாக வாங்கிக்கொண்டவன் எதிரே படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவன் உதட்டின் மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது. நிழலில் உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் அது அடங்கவில்லை.

"கையி கடுக்குதாடா?" என்றார்.

"லைட்டா. இந்தப் பக்கம். டூல்ஸ் பை தூக்குனதுன்னு..."

"எந்திரி. ஆட்டோ புடிக்கிறேன்." வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார். "நாகராஜு. நான் மாத்திர போட்டுக்கினுதான் இருந்திருக்கேன். அதனாலதான் எறங்கிச்சி. நீ பாத்தது தப்பு. நான் காட்டுனது தப்பு. புரிதா?"

நாகராஜ் தலையாட்டினான்.

ஆட்டோவில் மூன்று பேரும் போனார்கள். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியில் நாகராஜை உடனே படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வாயில் மாத்திரைகளைக் கடித்துத் தின்னச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசையில் ஓர் இழை அடிபட்டாலும் அதிலிருந்து கசியும் ஒரு பொருள் ரத்தத்தில் தெரியுமாம், அது எவ்வளவு என்று பார்த்துத்தான் அட்டாக்கா வாயுவா என்று சொல்லமுடியுமாம். எந்த மாத்திரை, எப்போது நிறுத்தினான் என்று ட்யூட்டி டாக்டர் கேட்டபோது லியோனார்ட் முந்திக்கொண்டு, என்னைப் பார்த்து நிறுத்திவிட்டுக் கொள்ளுக் கஞ்சி குடித்தான் டாக்டர், என்றார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படித்தவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

நாகராஜின் மனைவிக்கு லியோனார்ட்தான் போன் செய்தார். அவள் பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டாள். ஐந்து மணி வாக்கில், ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். ஸ்டென்டில் உறையத் தொடங்கியிருக்கிறது, முழுவதும் அடைக்கவில்லை. தசை கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை. இன்னும் ஒரு நாள் கஞ்சி குடித்திருந்தால் கதை வேறு என்றார்.

வெளிவராந்தாவில் சிமென்ட் பெஞ்ச். பக்கத்தில் யாரோ சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்கள். லியோனார்ட் உட்காரப் போனவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொடையை அழுத்தினார்.

"கால் வலிக்குது" என்றார்.

"நேத்து வலிக்கலையே."

அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாய்கள் சிவப்பாகவும் நீலமாகவும் வரைந்திருந்தன. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வேற எதுல எல்லாம் கலந்த?"

"வேற எதுலயும் இல்லைங்க. கஞ்சி மட்டும்தான்."

"போன வருஷம் எனக்கு வயித்தால போச்சே, அப்ப?"

"அது நீங்க ராயப்பேட்டைல தின்ன எறால்."

"சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல மர்சி."

"சொன்னா குடிச்சிருப்பீங்களா?"

அவளுக்கே அந்தக் கேள்வி பெருமையாக இல்லை. சொன்னால் குடிக்கமாட்டார் என்பது உண்மைதான். உள்ளே படுத்திருப்பவன் அந்த உண்மையில் வரவில்லை. தெரியாமல் கொடுப்பது தப்பு என்று டாக்டர் சொன்னபோது அவள் நினைத்தது இரண்டு பேரை. மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விளக்கு ஏற்றும் நேரம் ஆனது. கிளம்பும்போது லியோனார்ட் படியில் விட்டுவந்த அட்டையை மர்சலின் பையிலிருந்து எடுத்து, யோசித்து, பெஞ்சில் அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். இனி கரண்டிகளுக்கு இடையே அவளால் எதையும் நசுக்க முடியாது. லியோனார்ட் அட்டையை எடுத்தார். ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குமிழாக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டார். வெள்ளையாக, நீள்வட்டமாக இருந்தது. இத்தனை நாள் குடித்ததை முழுசாக இப்போதுதான் பார்ப்பவர்போல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் தண்ணீர் பாட்டில் ஒன்றை அவசரமாக நிரப்பி எடுத்து வந்திருந்தாள். மூடியைத் திருகி நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பாட்டிலை வராந்தா டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கச் சொல்வதுபோல் தலையை உயர்த்தினார். அவள் உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களைப் பார்த்தார்கள்.

"நீ மொதல்ல குடி" என்றார்.

மர்சலின் அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டுப் பாட்டிலை மறுபடியும் நீட்டினாள். லியோனார்ட் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விழுங்கி அடங்கியதும், மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு பாட்டிலுக்குக் கை நீட்டினார்.